ஜெய்சால்மரில் குடித்தனம்: கடலூர், நெய்வேலி, புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்றாலை, சூரிய மின் நிலையம், ராணுவம், எல்லைப் பாதுகாப்புப் படை என்று ஏதோ ஒரு வேலையாக நம் பக்கத்திலிருந்து ராஜஸ்தானின் ஜெய்சால்மருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். நெய்வேலியிலிருந்து பிகானேர் மாவட்டத்துப் பர்சிங்சருக்கு மாற்றலாகிறவர்களுக்கும் தண்ணீர், கூலர், இட்லி மாவு பற்றிய பதில்கள் பெரும்பாலும் பொருந்தும்.

ஜெய்சால்மர் எவ்ளோ பெரிய ஊரு? கடலூர் அளவுக்காவது இருக்குமா?

இருக்காது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரத்தில் சுமார் 1,73,000 பேர். ஜெய்சால்மர் நகரத்தில் சுமார் 65,000 பேர். மளிகை, மருந்து, துணி, வங்கி, கேஸ் ஏஜென்சி எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றாலோ, அரிதான உதிரிபாகம் ஒன்று வேண்டும் என்றாலோ ஜோத்பூர்தான். அது 280 கிலோமீட்டருக்கு மேல். நமக்குச் சென்னை 180 கிலோமீட்டர் என்பதை வைத்து அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் அக்டோபர் முதல் மார்ச் வரை சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கும். ஏப்ரலில் கூட்டம் கலைந்ததும் பல உணவகங்கள் பாதி அளவில்தான் ஓடும். ஓட்டல் சாப்பாட்டை நம்பித் தனியாகப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எப்படிப் போறது? நேரா ரயில் இருக்கா?

நேர் வண்டி இல்லை. ஜோத்பூர் வரை ஒரு ரயில், அங்கிருந்து ஜெய்சால்மருக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது பயணம் ஐந்து முதல் ஆறு மணி நேரம். மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்குப் போகும் வாராந்திர விரைவு ரயில் மாயவரம், சிதம்பரம் மார்க்கமாக வருவதால் நம் பக்கத்தவர்களுக்கு வசதி. சென்னையிலிருந்தும் பகத் கி கோத்திக்கு வண்டி உண்டு. இது ஜோத்பூர் நகரத்திலேயே உள்ள இன்னொரு நிலையம். அடுத்த வண்டி ஜோத்பூர் ஜங்ஷனிலிருந்து கிளம்புவதாக இருந்தால் நடுவில் ஆட்டோ பிடிக்க நேரம் விட்டு முன்பதிவு செய்யுங்கள். வட இந்தியாவிலிருந்து வரும் வண்டிகள் குளிர்காலத்தில் மூடுபனியால் தாமதமாகும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

விமானம் சுற்றுலாக் காலத்தை ஒட்டித்தான் அதிகம் ஓடும். கோடையில் அவசரமாக ஊருக்கு வர வேண்டியிருந்தால் ஜோத்பூர் விமான நிலையத்தைக் கணக்கில் வையுங்கள்.

எந்த மாசம் குடியேறினா நல்லது?

அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். உடம்பு பழக ஐந்து மாதம் கிடைக்கும். பள்ளிச் சேர்க்கைக்காக ஏப்ரலில் போகிறவர்கள் நேராக அனலுக்குள் இறங்குகிறார்கள். மே, ஜூனில் 42 முதல் 46 டிகிரி வரை சாதாரணமாக வரும். வேறு வழியில்லாமல் அப்போது போனால், வேலைக்குப் போகிறவர் பத்து நாள் முன்னதாகப் போய்க் கூலர், தண்ணீர்த்தொட்டி இரண்டையும் தயார் செய்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பது நல்லது.

வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? கோட்டைக்குள்ள வாடகைக்குக் கிடைக்குதாமே?

முதலில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அதன் மூடி இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள். இது இல்லாத வீட்டைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். அடுத்தது மாடி. அங்கே வீடுகள் மஞ்சள் மணற்கல்லால் கட்டியவை. பல வீடுகளில் கூரையும் கற்பலகைதான். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் இரவில் அறைக்குள் விடும். அதனால் மேல்மாடி வாடகை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். கீழ்த்தளமோ, தலைக்கு மேல் இன்னொரு மாடி உள்ள வீடோ எடுங்கள். மேல்மாடிதான் கிடைத்தது என்றால் மொட்டைமாடிக்கு மார்ச்சிலேயே இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும்.

1156-இல் எழுப்பப்பட்ட கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பார்க்க அருமையான இடம். ஆனால் குடித்தனத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றத்தில் சுமந்தாக வேண்டும். வீடுகளிலிருந்து கசியும் தண்ணீர் கோட்டையின் அடித்தளத்தையே அரிக்கிறது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கவலை. அங்கே இன்னொரு குளியலறையும் துணி துவைக்கும் மிஷினும் கூடாமல் இருப்பதே அந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை.

வீட்டுக்காரர் ஆதார் நகலும் புகைப்படமும் கேட்டுக் காவல் நிலையத்தில் கொடுப்பார். எல்லை மாவட்டம் என்பதால் இது வழக்கம். ஆளுக்கு நான்கு செட் நகல் எடுத்துப் போங்கள்.

பாலைவனத்துல தண்ணி எங்கேருந்து வருது? தினமும் வருமா?

பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகே தடுப்பணையிலிருந்து தொடங்கும் இந்திரா காந்தி கால்வாய்தான் ஜெய்சால்மர் வரை தண்ணீரைக் கொண்டுவருகிறது. தினமும் வரும் என்ற நினைப்பில் குடித்தனத்தை அமைக்காதீர்கள். சில பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடங்களில் இன்னும் இடைவெளி. பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு? குழாயில் வருவதைத் தரைத் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுவதே நடைமுறை.

வசந்தத்திலிருந்து கோடைக்குள் ஒவ்வொரு ஆண்டும் கால்வாயைப் பராமரிப்புக்காக மூடுவார்கள். உள்ளூரில் 'நஹர் பந்தி' என்பார்கள். சில வாரங்களுக்கு வழங்கல் குறையும். அறிவிப்பு இந்திச் செய்தித்தாள்களில் முன்கூட்டியே வரும். மூடுவதற்கு முன் தரைத் தொட்டியை இறைத்துக் கழுவி முழுக்க நிரப்பிவிடுங்கள். லாரித் தண்ணீர் விலை கூடுவதும் அந்த வாரங்களில்தான். சொல்லி வைத்தாலும் இரண்டு நாள் கழித்து வரும்.

ஒரு சங்கதி நம்மவர்களைத் தடுமாற வைக்கும்: மே மாதம் பகல் இரண்டு மணிக்கு மேல் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். குளிப்பதை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாயங்காலம் குளித்தே ஆக வேண்டும் என்றால் காலையிலேயே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் வையுங்கள்.

அந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா? ஆர்.ஓ. கட்டாயம் வாங்கணுமா?

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. கால்வாய்த் தண்ணீரில் உப்பு குறைவு. கிருமியைக் கொன்றால் போதும். காய்ச்சி ஆறவைக்கலாம், அல்லது புறஊதா விளக்கு உள்ள வடிகட்டி வைக்கலாம். ஆழ்குழாய்த் தண்ணீர் வேறு. அதில் உப்பும் பல இடங்களில் ஃப்ளோரைடும் அதிகம். ஃப்ளோரைடு காய்ச்சினால் போகாது; தண்ணீர் சுண்டுவதால் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். அதற்கு ஆர்.ஓ.தான் வேண்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று வாங்கிக் குழாய், லாரி இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. மீட்டர் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது என்பதால், ஆழ்குழாய் என்றால் எண் குறைவாக இருந்தாலும் ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

குடிக்க மண்பானை வையுங்கள். கடலூரில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை மெதுவாகத்தான் குளிரும். அங்கே உலர்ந்த காற்றில் ஒரு மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். பானையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு கட்டினால் துளைகள் உப்பால் அடைபட்டுவிட்டன என்று பொருள். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், போகாவிட்டால் மாற்றுங்கள்.

கூலர் போதுமா, ஏ.சி. வாங்கணுமா?

தண்ணீரில் நனைந்த தட்டி வழியே காற்றை இழுத்துக் குளிர வைப்பதுதான் கூலர். ஏப்ரல் முதல் ஜூன் வரை அது போதும். உலர்ந்த காற்றுக்குக் கூலரே சுகம். பெரிய கூலர் சுமார் 200 வாட் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. 1,500 வாட் பக்கம் போகும். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் பருவக்காற்றின் ஈரம் வந்ததும் கூலர் தோற்றுப்போகும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. போடுங்கள். மற்ற அறைகளுக்குக் கூலரே நியாயம்.

கூலரை ஜன்னலுக்கு வெளியே, நிழல் விழும் பக்கத்தில் பொருத்த வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னலையோ கதவையோ நாலு விரல் அளவு திறந்து வையுங்கள். ஈரக்காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அரை மணியில் அறை புழுக்கமாகிவிடும். 'கூலர் போட்டும் கசகசன்னு இருக்கு' என்ற புகாரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த மூடிய ஜன்னல்தான்.

உச்சிவெயிலில் பெரிய கூலர் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வீட்டுத் தண்ணீர்க் கணக்கில் இதையும் சேர்க்க மறந்தால், குழாய் வராத நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

போன வருஷம் நல்லா இருந்த கூலர் இப்ப குளிரவே மாட்டேங்குது, நாத்தம் வேற அடிக்குது. என்ன பண்றது?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. தகர உடல், தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் சாதனம் இது. தண்ணீர் ஊற்றும்போது ஷாக் அடித்து இறந்தவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சீசனுக்கு ஒருமுறை பாருங்கள். குழந்தைகளை அதன் பக்கம் விடாதீர்கள்.

பிறகு மூன்று பக்கத் தட்டியையும் கழற்றுங்கள். மரச்சீவல் தட்டி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மார்ச்சில் தெருவிலேயே கூவி விற்பார்கள். தேன்கூடு வடிவத் தட்டி இரண்டு மூன்று கோடை வரும். அதில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்துக் கழுவுங்கள். மேலே தண்ணீர் சொட்டும் குழாயின் துளைகள் அடைத்திருந்தால் தட்டியில் வரிவரியாக உலர்ந்த இடம் தெரியும். அந்த வழியே சூடான காற்று அப்படியே உள்ளே வரும். துளைகளை ஊசியால் குத்தி விடுங்கள். பம்பின் அடியில் உள்ள சல்லடையில் மணலும் பாசியும் சேர்ந்திருக்கும், அதையும் கழுவுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் தேங்கிய தண்ணீர். தண்ணீர் ஆவியாகப் போகப் போக உப்பு மட்டும் தொட்டியில் மிஞ்சிக் கெட்டியாகும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்கத் திறந்து விடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவதும் இந்தத் தொட்டியில்தான் என்பதால் வாரம் தாண்ட விடவே கூடாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் கூலருக்கு ஊற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம், தட்டி ஒரே கோடையில் கல்லாகிவிடும். அதைக் கொண்டு தரை துடையுங்கள்.

அங்க வேர்வையே வரலன்னு சொல்றாங்க. அப்ப நம்ம ஊரைவிட நல்லதுதானே?

இந்த நினைப்புதான் நம்மவர்களைப் படுக்க வைக்கிறது. வியர்வை வருகிறது, வந்த நொடியே உலர்ந்துவிடுகிறது. சட்டை நனைவதில்லை, அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றுவதில்லை. சிறுநீர் மஞ்சளாக அடர்ந்தால் தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் உப்பும் சேர்க்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாதபோது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது. அங்கே எங்கும் கிடைக்கும் மோரும் நல்லது.

தலைவலி, குமட்டல், பிதற்றல், தொட்டால் கொதிக்கும் உடம்பு இவை சேர்ந்து வந்தால் வெயில் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடலூரில் பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக் கடல்காற்றை வாங்குவோம். அங்கே காலை எட்டு மணிக்கு மேல் ஜன்னலை மூடித் திரை போட்டு, இரவு அனல் தணிந்த பிறகு திறக்க வேண்டும். மூக்கில் ரத்தம் கசிவதும் உதடு வெடிப்பதும் வறட்சியால். ராத்திரி மூக்கின் உள்விளிம்பில் வாசலின் ஒரு தொடு போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

புழுதிப் புயல் வந்தா என்ன செய்யணும்?

'ஆந்தி' என்பார்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை எப்போது வேண்டுமானாலும் வரும். மேற்கே வானம் செம்மண் நிறமானால் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. முதலில் கூலரை நிறுத்துங்கள்; ஓடினால் புழுதியை இழுத்துத் தட்டியைச் சேறாக்கிவிடும். அடுத்து மாடியில் காயும் துணி, பிறகு ஜன்னல். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். வண்டியில் போகும்போது வந்தால் சாலையை விட்டு நன்றாக ஓரம் கட்டி நிற்பதைத் தவிர வேறு வித்தை இல்லை.

முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஏ.சி. இருந்தால் அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

இட்லி அரிசி கிடைக்குமா? மாவு புளிக்குமா?

புழுங்கல் அரிசியை உள்ளூர்க் கடையில் தேடிக் களைக்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கலாம், அல்லது ஊருக்கு வந்து திரும்பும்போது எடுத்துப் போகலாம். உளுந்து தாராளமாகக் கிடைக்கும். தோல் நீக்கிய முழு உளுந்தைப் பார்த்து வாங்குங்கள். புளி உண்டு. கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திக் கொண்டுபோகலாம். நல்லெண்ணெய் என்று கேட்டு வாங்குவது நம் செக்கு எண்ணெய் மணத்தோடு இருக்காது.

மே மாதத்தில் நாலைந்து மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். இரவு அரைத்து வைத்தால் காலையில் புளித்துப் போயிருக்கும். விடியற்காலையில் அரைத்து, பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறவைக்கவும் அரைக்கவும் குளிர்ந்த தண்ணீர் எடுங்கள். ஜனவரியில் நேர்மாறு: வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கம்பளி சுற்றி வைத்தாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பருவத்திலும் பாத்திரத்தை இறுக்க மூடுங்கள். மூடாவிட்டால் மேலே ஆடை போல் காய்ந்து, கலக்கும்போது கட்டிகட்டியாகச் சேரும்.

மீன்?

கடலூர் முதுநகர் துறைமுகத்து மீனை மனதில் வைத்துக்கொண்டு அங்கே தேட வேண்டாம். ஆட்டுக்கறியும் கோழியும் நன்றாகக் கிடைக்கும். கருவாடு கொண்டுபோகிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். சைவ வீட்டுக்காரர்கள் அதிகம் என்பதால் வீடு பேசும்போதே அசைவம் சமைப்போம் என்று சொல்லிவிடுவது முறை. மறைத்துக் குடியேறி, கருவாடு வறுத்த அன்று வீடு காலி செய்யச் சொன்னால் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

உள்ளூர்ச் சாப்பாட்டில் கேர் சாங்க்ரியைக் கட்டாயம் பழகுங்கள். பாலைச் செடியின் காயும் வன்னி மரத்து நெற்றும் சேர்ந்த பொரியல் அது. காயவைத்து வருடம் முழுக்க விற்பார்கள். இரவே ஊறவைத்துக் காலையில் வேகவைத்தால் நம் வத்தக்குழம்பிலும் நன்றாகச் சேரும்.

கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டையெல்லாம் மாத்தணுமா?

கேஸ்: இங்குள்ள ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கி, இணைப்பு மாற்றுச் சீட்டைப் பெறுங்கள். அங்கே அதே நிறுவனத்தின் ஏஜென்சியில் சீட்டைக் கொடுத்து, புதிதாக வைப்புத்தொகை கட்டினால் பழைய இணைப்பே தொடரும். அடுப்பும் டியூபும் உங்களுடையவை; டியூபை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

ரேஷன்: ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் முன்னுரிமை அட்டைகளுக்கும் அந்த்யோதயா அட்டைகளுக்கும்தான். தமிழ்நாட்டின் முன்னுரிமையற்ற அட்டைக்கு அங்கே எதுவும் கிடைக்காது. முன்னுரிமை அட்டை என்றாலும் மத்திய அரசின் தானியம் மட்டுமே. அது பெரும்பாலும் கோதுமை. நம் மாநிலம் தரும் பருப்பும் பாமாயிலும் அங்கே வராது.

பைக்கை எடுத்துட்டுப் போகலாமா?

ரயில் பார்சலில் அனுப்பலாம். பெட்ரோலை முழுக்க வடித்து, ஆர்.சி. நகலோடு, நன்றாகப் பொதிந்து ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போன பிறகு வாங்குவது அலைச்சல். புதுச்சேரிப் பதிவு வண்டிகளுக்கும் இதே விதிதான். ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடப் பாதித் தூரத்திலேயே சுத்தம் செய்யுங்கள்.

பசங்க படிப்பு? காலைல ஏழு மணிக்கும் இருட்டாமே?

கேந்திரிய வித்யாலயா உண்டு, தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் உண்டு, கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இந்தி தெரியாத பிள்ளைக்குக் கிளம்பும் முன் மூன்று மாதம் எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தால் முதல் பருவம் தப்பும். மேற்குக் கோடி என்பதால் ஜனவரியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் வரும். ஜூனில் மாலை ஏழே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். நம் ஆறரை மணிச் சாயங்காலத்துக்குப் பழகிய பிள்ளைகள் தூங்க அடம்பிடிப்பார்கள்.

பாலைவனத்துல போய் ஸ்வெட்டரா?

ஆமாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். குளிர் அலை வந்தால் இரண்டு மூன்று டிகிரி வரை இறங்கும். கோடையில் சூட்டைத் தேக்கிய அதே கல்வீடு குளிர்காலத்தில் குளிரைத் தேக்கும். பஞ்சு அடைத்த கனமான போர்வை (ரஜாய்) அங்கேயே நல்லதாகக் கிடைக்கும்; இங்கிருந்து சுமக்க வேண்டாம். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கக் கூடாது. அந்தப் புகையின் நஞ்சுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

பாம்பு, தேள்லாம் வீட்டுக்கே வருமா? ஆஸ்பத்திரி எப்படி?

ஊர் ஓரத்து வீடுகளில் வரும். சுருட்டை விரியன் அந்த மணலில் சாதாரணம். கட்டுவிரியன் வகையும் உண்டு. அது தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும், கடி வலிக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் வந்தால் கடித்த தடம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டில் வாங்குங்கள், தரைப் பாயை விடுங்கள். ஷூவை உதறிப் போடுங்கள். கடித்த இடத்தைக் கட்டுவது, கீறுவது, மந்திரிக்கப் போவது எல்லாம் நேரத்தைக் கொல்லும்.

மாவட்ட அரசு மருத்துவமனை ஜவாஹிர் ஆஸ்பத்திரி. முதல் சிகிச்சை அங்கேதான். பெரிய அறுவை சிகிச்சை, சிக்கலான பிரசவம் என்றால் ஜோத்பூர் எய்ம்ஸ் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். கர்ப்பிணிகள் எட்டாம் மாதத்துக்குள் எங்கே பிரசவம் என்பதை முடிவு செய்து, அந்த ஊருக்குப் போய்விடுவது பாதுகாப்பு.

எல்லை பக்கமாச்சே, பயமில்லையா?

நகரத்திலிருந்து எல்லையை ஒட்டிய தனோட் கோயிலே சாலை வழியாக 120 கிலோமீட்டர். அன்றாட வாழ்க்கையில் எல்லை கண்ணில் படாது. போர் விமானச் சத்தம் மட்டும் கேட்கும். 2025 மே மாதத்தில் இந்தியா–பாகிஸ்தான் பதற்றம் ஏற்பட்டபோது ஜெய்சால்மரில் இரவு விளக்குகளை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மாவட்ட நிர்வாகம் சொல்வதை மட்டும் கேளுங்கள். வாட்ஸாப்பில் வருவதை ஊருக்கு அனுப்பிப் பெரியவர்களைப் பதற வைக்காதீர்கள். ராணுவ வாகனம், முகாம், விமான தளம் எதையும் படம் பிடிக்கக் கூடாது. டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

மாற்றலாகித் திரும்பி வரும்போது கூலரைக் கடலூருக்கு எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். ஆகஸ்டில் அங்கே கூலர் ஏன் தோற்கிறது என்று மேலே பார்த்தோம். கடலோரத்தில் வருடம் முழுக்க அந்த ஈரம்தான். பார்சல் கூலி கொடுத்து, சுமந்து வந்து, வீட்டைப் புழுக்கமாக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. மார்ச் மாதத்தில் அங்கேயே விற்றுவிடுங்கள். அப்போதுதான் நல்ல விலை போகும். ஏ.சி.யைக் கொண்டுவரலாம், ஆனால் வெளி யூனிட்டில் சேர்ந்திருக்கும் புழுதியை மெக்கானிக்கை வைத்துக் கழுவிவிட்டு இங்கே மாட்டுங்கள்.